சந்தேக மரணத்திலிருந்து கொலை வழக்கு வரை: புதிய குற்றச் சிறுகதைகள் எங்கே சறுக்குகின்றன?

தடயம்பார்:
வார இதழ், தீபாவளி மலர், போட்டி வைத்துத் தொகுக்கும் நூல், மின்னூல் தொகுப்பு என்று குற்றக்கதைகளுக்கு இப்போது நல்ல இடம் கிடைக்கிறது. கற்பனைக்கும் பஞ்சமில்லை. ஆனால் கதை 2025-ல் நடக்கிறது என்று முதல் பத்தியில் சொல்லிவிட்டு, நாலாவது பத்தியில் இன்ஸ்பெக்டர் "302-ல கேஸ் போடுங்க" என்கிறார். விவரம் தெரிந்த வாசகர் அங்கேயே கதையைவிட்டு வெளியே வந்துவிடுகிறார்.

2024 ஜூலை 1 முதல் மூன்று சட்டங்களும் மாறிவிட்டன. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா), குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா), சாட்சியச் சட்டத்துக்குப் பதில் பி.எஸ்.ஏ. (பாரதிய சாக்ஷிய அதிநியம்). கொலை 302 இப்போது 103(1). கொலை முயற்சி 307 என்பது 109. வரதட்சணை மரணம் 304-பி என்பது 80. தடயத்தை மறைத்தல் 201 என்பது 238. 420 போய் 318(4) வந்திருக்கிறது. ஊர்ப்பேச்சில் "ஃபோர் ட்வென்ட்டி" இன்னும் திட்டாக இருப்பதால் வசனத்தில் வரட்டும், எஃப்.ஐ.ஆரில் வரக்கூடாது.

ஒரு நுணுக்கம். குற்றம் நடந்த தேதிதான் குற்றப்பிரிவைத் தீர்மானிக்கும். 2024 மே மாதம் புதைத்த உடல் 2025-ல் கிடைத்தால் குற்றம் பழைய 302-தான், விசாரணை நடைமுறை மட்டும் புதிய சட்டப்படி. பழைய கொலை வெளிவருகிற கதை எழுதுவோர் இதை விட்டுவிடாதீர்கள்.

ஆனால் எண்ணை மட்டும் மாற்றினால் கதை நின்றுவிடாது. ஸ்டேஷனில் எழுதப்படும் ஒவ்வொரு தாளுக்கும் ஒரு நேரம் இருக்கிறது. அந்த நேரங்களுக்கு நடுவில்தான் கொலைகாரன் நழுவ முடியும், மாட்டுவதும் அங்கேதான். சிறுகதையில் துப்பு வைக்க இதைவிட நல்ல இடம் கிடையாது என்பது என் உறுதியான கருத்து. இதைப் பற்றி விவரமாகப் பேசலாம்.

செங்காந்தள்:
பிரிவு எண்ணுக்காக யாரும் கதை படிப்பதில்லை. வார இதழில் ஒரு சிறுகதைக்கு 1,200 முதல் 1,800 சொற்கள் கிடைத்தாலே பெரிய விஷயம். அதில் 200 சொல்லை நடைமுறை விளக்கத்துக்குக் கொடுத்தால் மனிதர்களுக்கு இடம் எங்கே? எண்ணே சொல்லாமல் "கொலை வழக்கா மாத்தியாச்சு" என்று ஒரு வரியில் தாண்டிவிடலாம். தவறும் வராது, கதையும் நகரும்.

இப்போது வரும் கதைகளில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. துப்பை வாசகர் கண்ணில் காட்டாமலே கடைசிப் பத்தியில் துப்பறிபவர் வாயால் கொட்டுவது. "அவன் செருப்பில் சிவப்பு மண் இருந்ததை அப்போதே கவனித்தேன்" என்கிறார். செருப்பும் மண்ணும் முன்பு எங்கேயுமே வரவில்லை. வாசகரிடமிருந்து ஒளித்து வைத்துவிட்டு அவரைத் தோற்கடிப்பது நியாயமா?

தடயம்பார்:
"கொலை வழக்கா மாத்தியாச்சு" என்ற வரி மிகச் சரி. நான் கேட்பதும் அதைத்தான். எழுத்தாளருக்கு முழுக்கத் தெரிந்திருக்க வேண்டும், தாளில் ஒரு வரி வந்தால் போதும். தெரியாமல் எழுதினால் அந்த ஒரு வரியே தப்பாகிவிடுகிறது.

ரைட்டர்_அறை:
ஸ்டேஷன் பக்கம் அடிக்கடி பிசகும் இடங்களைச் சொல்கிறேன்.

புகார் கொடுத்தவுடன் எஃப்.ஐ.ஆர். என்று எழுதுகிறார்கள். தமிழ்நாட்டில் மனு வாங்கியதும் பல நேரம் முதலில் கையில் கிடைப்பது சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது மனு வந்து சேர்ந்ததற்கான அத்தாட்சி. வழக்குப் பதிவாவது அதற்கு அப்புறம். இந்த இடைவெளியில் ஒரு நாள் போனால், அந்த ஒரு நாளில் தடயம் போகும். கதைக்குத் தேவையான தாமதம் இயல்பாகவே அங்கே இருக்கிறது. மழை, பஞ்சர், டவர் கிடைக்கவில்லை என்று வலிந்து எதையும் கொண்டுவர வேண்டாம்.

எப்படிச் செத்தார் என்று தெரியாத சாவுக்கு முதலில் பதிவாவது சந்தேக மரணம்: பி.என்.எஸ்.எஸ். 194, பழைய 174. கொலை என்று தெரியவந்த பிறகு இன்ஸ்பெக்டர் பிரிவை மாற்றி, மாற்ற அறிக்கையைக் கோர்ட்டுக்கு அனுப்புவார். ஆகவே "தற்கொலைன்னு ஃபைலை மூடிட்டாங்க" என்று மறுநாளே ஒரு பாத்திரம் சொல்ல முடியாது. போஸ்ட்மார்ட்டம் அறிக்கை வரவேண்டும். விஷம் என்ற சந்தேகம் இருந்தால் உள்ளுறுப்புப் பரிசோதனை முடிவும் வந்தாக வேண்டும்.

கொலை வழக்கின் எஃப்.ஐ.ஆர். தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டிடம் போய்ச் சேரவேண்டும். பேப்பரில் இரவு 9 மணி, மாஜிஸ்திரேட் கையெழுத்தில் மறுநாள் காலை 11 மணி என்றிருந்தால், நடுவில் என்ன நடந்தது என்பதுதான் எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் கேள்வி. கோர்ட் கதை எழுதுவோர் இந்த ஒரு கேள்வியை வைத்தே முழுக் கதையும் எழுதலாம்.

பதவிப் பெயர்களில் நிறைய குழப்பம் வருகிறது. மாவட்டத்தில் இன்ஸ்பெக்டருக்கு மேலே டி.எஸ்.பி., ஏ.டி.எஸ்.பி., எஸ்.பி. சென்னை, மதுரை, கோவை மாதிரி கமிஷனர் உள்ள ஊரில் ஏ.சி. (உதவி கமிஷனர்), டி.சி. (துணை கமிஷனர்) என்று போகும். மதுரை மாநகரக் கதையில் டி.எஸ்.பி. வந்து ஸ்பாட் பார்த்தால் உடனே உறுத்துகிறது. கீழே இருப்பவர்கள் மேலதிகாரியை "ஐயா" என்பார்கள். ஏட்டை "ஏட்டையா" என்பார்கள். வாக்கியத்துக்கு வாக்கியம் "யெஸ் சார்" என்று சல்யூட் அடிப்பது சினிமாவிலிருந்து வந்தது.

இன்னொன்று. 65 வயது மாமியாரை விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி மணிக்கணக்காக உட்கார வைக்கிற காட்சி. பெண்களையும், 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்களையும், 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட சிறுவர்களையும் சாட்சி விசாரணைக்கு அவர்கள் வசிக்கும் இடத்தை விட்டு வரவேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. பி.என்.எஸ்.எஸ். 179. அவர்களாக விரும்பி வந்தால் வேறு. உங்கள் கதையில் போலீஸ் விதியை மீறுகிறது என்றால் தாராளமாக மீறட்டும். அது மீறல் என்று கதைக்குள் யாராவது ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.

முதல்வரைவு:
வணக்கம். ஒரு தொகுப்புக்காக 1,800 சொல்லுக்குள் எழுத ஒரு கரு வைத்திருக்கிறேன். நிற்குமா என்று சொல்லுங்கள்.

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமம். மே மாதம். கணவன் இரவு 10 மணிக்கு மனைவியைத் தலையணையால் அமுக்கிக் கொல்கிறான். விடிகாலை 5 மணிக்கு உடலை விட்டத்தில் புடவையால் தொங்கவிட்டு, 6 மணிக்கு அலறி ஊரைக் கூட்டுகிறான். இரவு முழுக்கத் தான் கும்பகோணத்தில் இருந்ததாகச் சொல்கிறான். கல்யாணமாகி நாலு வருஷம். கண்டுபிடிப்பது ஒரு பெண் ஏட்டு. எதை வைத்துக் கண்டுபிடிப்பார் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. கழுத்துத் தடத்தை வைத்து டாக்டர் சொல்வதாக முடிக்கலாமா?

உடற்கூறு:
கழுத்துத் தடத்தை நம்பாதீர்கள். உயிரோடு தொங்கினால் தடம் பெரும்பாலும் தாடைக்குக் கீழே சாய்வாக ஏறி, முடிச்சுப் பக்கம் விட்டுப்போயிருக்கும். கயிற்றால் இறுக்கிக் கொன்றால் கழுத்தைச் சுற்றிக் கிடைமட்டமாக, கீழே தள்ளி இருக்கும். உங்கள் கதையில் இறுக்கவே இல்லை. செத்தபின் தொங்கவிட்டிருக்கிறான். அப்போதும் தடம் சாய்வாகத்தான் விழும். தடத்தை மட்டும் வைத்து டாக்டர் அடித்துச் சொல்ல மாட்டார். அதோடு, டாக்டர் வந்து சொன்னால் கதை ஏட்டம்மாவின் கையிலிருந்து போய்விடுகிறதே.

நீங்களே கொடுத்திருக்கும் 7 மணி நேர இடைவெளியில் இரண்டு அருமையான துப்புகள் கிடக்கின்றன.

ஒன்று, விறைப்பு. நம் வெயிலில் செத்த 1 அல்லது 2 மணி நேரத்தில் விறைப்பு ஆரம்பித்துவிடும். கண்ணிமை, தாடை, கழுத்து, அப்புறம் கை, கால் என்று தெரியவரும். மே மாதத்தில் 7 மணி நேரம் என்றால் கைகால் நன்றாக விறைத்திருக்கும். செத்தபோது வலது கை மடிந்து மார்பின்மேல் இருந்தது என்று வையுங்கள். தொங்கும்போதும் அந்தக் கை மார்பின்மேலேயே நிற்கும். உயிரோடு தொங்கியவரின் கை பக்கவாட்டில் தொய்ந்து விழுந்திருக்கும். படுத்திருந்த நிலையிலேயே விறைத்த உடல் என்பது உள்ளே நுழையும் யார் கண்ணுக்கும் தெரியும். பார்த்தும் பொருள் விளங்காது என்பதுதான் அழகு.

இரண்டு, ரத்தம் கீழே இறங்கிப் படிவது. இதயம் நின்றபின் ரத்தம் உடலின் தாழ்ந்த பகுதிக்கு இறங்கி ஊதாச்சிவப்புத் திட்டாகத் தெரியும். தொங்குகிறவருக்கு அது கால், பாதம், முன்கையில் இருக்க வேண்டும். மல்லாந்து கிடந்தவருக்கு முதுகில். ஏறக்குறைய 6 முதல் 12 மணி நேரத்துக்குள் அது நிலைத்துவிடும், அதன்பின் உடலைத் திருப்பினாலும் இடம் மாறாது. 7 மணி நேரம் என்பது நல்ல இரண்டுங்கெட்டான் நேரம். முதுகில் பெரும்பகுதி நிலைத்திருக்கும், கொஞ்சம் காலுக்கும் இறங்கியிருக்கும். இரண்டு இடத்திலும் திட்டு இருந்தால் உடல் இடம் மாற்றப்பட்டிருக்கிறது என்று பொருள்.

இதில் இன்னும் நெருக்கமாகப் பார்க்க ஒன்று உண்டு. தரையில் அழுந்திய இடத்தில் ரத்தம் இறங்க வழியிருக்காது. தோள்பட்டை, புட்டம் எல்லாம் வெளிறியே இருக்கும். எதன்மேல் படுத்தாரோ அதன் அச்சும் அந்த வெளிறலில் விழும். கோரைப்பாயில் கிடந்தால் முதுகில் ஊதாவுக்கு நடுவே பாயின் கோரை வரிசை வெள்ளை வரிகளாக ஓடும். ரவிக்கை மடிப்பு, பின்னலின் தடம்கூடத் தெரியும்.

மூக்கு, வாயை அமுக்கினால் உதட்டின் உட்புறம் பல் பட்டுச் சிராய்ப்பு இருக்கலாம். கண்ணிமைக்குள் புள்ளிப்புள்ளியாக ரத்தக்கசிவும் இருக்கலாம். ஆனால் அந்தப் புள்ளிகள் தொங்கினாலும் வரும், அதைத் தீர்மானமான துப்பாக வைக்க வேண்டாம். உயிரோடு தொங்கியிருந்தால் முடிச்சுக்கு எதிர்ப்பக்க வாயோரம் எச்சில் வழிந்த தடம் இருக்கும். அது இல்லாததைக் கவனிப்பதும் நல்ல துப்பு. உடம்பின் சூட்டை வைத்து நேரம் கணிக்கிற வசனம் மட்டும் வேண்டாம். மே மாதத் தஞ்சாவூரில் ஓட்டு வீட்டுக்குள் இருக்கும் வெக்கைக்கும் உடம்புச் சூட்டுக்கும் வித்தியாசம் குறைவு, உடல் மெதுவாகத்தான் ஆறும்.

செங்காந்தள்:
கோரைப்பாய் வரி போதும், கதை கிடைத்துவிட்டது! இனி அதை எங்கே வைப்பது என்பதுதான் வேலை.

கணவன் வாக்குமூலத்தில் "அவ எப்பவும் கட்டில்லதான் படுப்பா, முதுகுவலி" என்று சொல்லட்டும். 300-ஆவது சொல்லுக்குள் இது வந்துவிட வேண்டும், அவன் பாசத்தைக் காட்டும் வரியாக. வாசகர் அதை இரக்கமாக எடுத்துக்கொள்வார். பாயைத் தனியாகக் காட்டாதீர்கள். ஏட்டம்மா சமையற்கட்டு, அரிசிப் பானை, பிள்ளையின் பள்ளிப்பை என்று கண்ணை ஓட்டும்போது, சுவரோரம் சுருட்டி நிறுத்திய பாயும் நாலோடு ஐந்தாக வரட்டும். 700-ஐ ஒட்டி. முதுகைப் பார்க்கும் இடம் 1,100-ல். அங்கே விளக்கம் வேண்டாம், வெள்ளை வரிகளை மட்டும் சொல்லுங்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வாசகருக்கு 400 சொல் நேரம் கொடுங்கள். துப்பும் அதன் விளக்கமும் ஒரே பத்தியில் வந்தால் புதிர் செத்துவிடும்.

விறைத்த கையை ஆரம்பக் காட்சியிலேயே, கூட்டத்தில் ஒரு கிழவி வாயால் சொல்ல வைக்கலாம்: "கும்பிடற மாதிரியே கையை வச்சிருக்கா பாரு". கேட்பவர் ஒப்பாரி என்று நினைப்பார்.

ரைட்டர்_அறை:
நடைமுறையில் மூன்று திருத்தம் செய்யுங்கள்.

கல்யாணமாகி 7 வருஷத்துக்குள் பெண் இறந்தால் பிரேத விசாரணை நடத்துவது ஆர்.டி.ஓ., அதாவது வருவாய்க் கோட்டாட்சியர். இன்ஸ்பெக்டர் நடத்துவதாக எழுதாதீர்கள். நாலு வருஷம் என்றதும் தாலுகா ஆபீஸ், ஆர்.டி.ஓ. ஜீப், இரு வீட்டாரின் வாக்குமூலம் எல்லாம் உள்ளே வந்துவிடும். 1,800 சொல்லுக்கு அது பாரம். பாரம் வேண்டாம் என்றால் கல்யாணத்தை 9 வருஷம் ஆக்கிவிடுங்கள். ஸ்டேஷனே பிரேத விசாரணை நடத்தும், அக்கம்பக்கத்து ஆட்கள் குறைந்தது 2 பேர் பஞ்சாயத்தாராக, அதாவது அந்த விசாரணைக்குச் சாட்சிகளாகக் கையெழுத்துப் போடுவார்கள், அறிக்கை 24 மணி நேரத்துக்குள் போகவேண்டும். பெண் உடல் என்பதால் உடலைப் புரட்டிப் பார்த்துச் சொல்வது ஏட்டம்மாதான். முதுகை அவர் பார்ப்பதற்கு இதைவிட இயல்பான காரணம் கிடையாது.

வேறொரு வழியும் இருக்கிறது. 7 வருஷம் முடிந்து இரண்டு மாதம் ஆகட்டும். கணவன் நாள் எண்ணிக் காத்திருந்து கொன்றிருக்கிறான். கல்யாணப் பத்திரிகையின் தேதியே அவன் திட்டத்தைக் காட்டிக்கொடுக்கும். வரதட்சணை மரணம் என்ற பிரிவிலிருந்து தப்பிக்கலாம் என்று நினைத்தவன் கொலைப் பிரிவில் மாட்டுகிறான்.

மூன்றாவது, போஸ்ட்மார்ட்டம் நேரம். ராத்திரியே அறுத்து அறிக்கை கொடுப்பதாகப் பல கதைகளில் வருகிறது. சூரியன் மறைந்தபின்னும் செய்யலாம் என்று மத்திய அரசு அனுமதித்தது 2021 நவம்பரில். அதிலும் கொலை, தற்கொலை, பாலியல் வன்கொடுமை, அழுகிய உடல், சந்தேகமான சாவு ஆகியவை விலக்கு. சட்டம் ஒழுங்குப் பிரச்சினை இருந்தால் மட்டும் செய்யலாம். உங்கள் கதையில் உடல் காலையில் கிடைப்பதால் பகலிலேயே முடியும். மதியம் தாண்டினால் மறுநாள் ஆகலாம்.

கோபுரம்5:
கும்பகோணத்தில் இருந்தேன் என்கிறானே, அதைப் பற்றிச் சொல்கிறேன். புதிய கதைகளில் மிக அதிகமாகப் பிசகுவது செல்போன்தான்.

சி.டி.ஆர். என்பது அழைப்புப் பட்டியல். யார், யாருக்கு, எப்போது, எத்தனை வினாடி, எந்த டவர், எந்த ஐ.எம்.இ.ஐ. (போன் கருவியின் அடையாள எண்) என்பதெல்லாம் இருக்கும். பேசியது என்ன என்று இருக்காது. "சி.டி.ஆர்.ல அவங்க பேசினதைக் கேட்டேன்" என்று எழுதினால் கதை முடிந்தது. வாட்ஸ்அப் அழைப்பு அதில் வராது. டவர் என்பது ஆளையோ வீட்டையோ காட்டாது. நகரத்தில் சில நூறு மீட்டர், கிராமத்தில் பல கிலோமீட்டர் வட்டம். வயலுக்கு நடுவே இருக்கும் ஊரில் டவரை வைத்து "அவன் வீட்டுக்குள் இருந்தான்" என்று சொல்லவே முடியாது. "கும்பகோணத்தில் இல்லை" என்று சொல்ல முடியும். உங்களுக்கு அது போதுமே.

கெட்டிக்காரக் கொலைகாரன் போனைக் கும்பகோணத்தில் விட்டுவிட்டு வருவான். அதையும் பலர் எழுதிவிட்டார்கள். அதனால் எந்தத் தடம் ஆளைக் காட்டும், எது பொருளை மட்டும் காட்டும் என்று பிரித்துப் பாருங்கள். ஃபாஸ்டாக் காட்டுவது வண்டியை, ஓட்டியவரை இல்லை. வங்கிக் குறுஞ்செய்தி வரும் நேரமும் சுங்கச்சாவடியைத் தாண்டிய நேரமும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. யு.பி.ஐ. காட்டுவது போனையும் ரகசிய எண்ணையும். எண் தெரிந்த தம்பி டீக்கடையில் 20 ரூபாய் அனுப்பினால் அண்ணன் அங்கே இருந்ததாகிவிடும். ரேஷன் கடையில் கைரேகை பதிந்திருந்தால் ஆளே நின்றிருக்க வேண்டும். ஏ.டி.எம். என்றால் கேமராவும் சேர்ந்து பேசும்.

சி.சி.டி.வி. எழுதும்போது இரண்டு விஷயம். கடைகளில் இருக்கும் பெட்டியில் பழைய காட்சி தானாக அழிந்து புதியது ஏறும். வட்டின் கொள்ளளவையும் கேமரா எண்ணிக்கையையும் பொறுத்து ஒரு வாரமோ ஒரு மாதமோ. ஆறு மாதத்துக்கு முந்தைய காட்சியை மளிகைக்கடையிலிருந்து எடுக்க முடியாது. அடுத்து, அந்தப் பெட்டியின் கடிகாரம். இணையத்தோடு சேர்க்காத பெட்டியில் நேரம் தள்ளிப்போய்க் கிடக்கும். 22:10 என்று திரையில் தெரிந்தாலும் உண்மையில் 22:35 ஆக இருக்கும். கவனமான விசாரணை அதிகாரி காட்சியை எடுக்கும்போதே பெட்டியின் நேரத்தையும் தன் போன் நேரத்தையும் சேர்த்துக் குறித்துக்கொள்வார். அந்த 25 நிமிஷத்தில் ஒரு முழுக் கதை இருக்கிறது.

கோர்ட்டுக்கு இந்தக் காட்சி போகவேண்டும் என்றால் பி.எஸ்.ஏ. 63-ன்படி சான்றிதழ் வேண்டும், பழைய 65-பி. இப்போது அந்தச் சான்றிதழில் ஹாஷ் மதிப்பும் கேட்கிறார்கள். கோப்பிலிருந்து கணக்கிடப்படும், அதன் கைரேகை மாதிரியான ஓர் எண் அது. கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் அந்த மதிப்பு மாறிவிடும்.

முதல்வரைவு:
எல்லோருக்கும் நன்றி. 9 வருஷம் ஆக்கிவிடுகிறேன், பாய் வரியே துப்பு. முடிவில் ஏட்டம்மா பாயை விரித்துக் காட்டியதும் கணவன் உடைந்து இன்ஸ்பெக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறான். சரிதானே?

தடயம்பார்:
அங்கே விடாதீர்கள். போலீசிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் அவனுக்கு எதிராகச் செல்லாது. பி.எஸ்.ஏ. 23. அழுதுகொண்டே ஒப்புக்கொண்டதோடு முடிகிற கதை, சட்டப்படி ஒன்றுமே கையில் இல்லாமல் முடிகிற கதை. செல்லுபடியாவது ஒரு பகுதி மட்டும்: அவன் சொன்னதை வைத்து ஒரு பொருள் புதிதாகக் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு தொடர்புள்ள வார்த்தைகள். அமுக்கிய தலையணையை எங்கே போட்டான் என்று அவன் சொல்லி, வாய்க்காலிலிருந்து அதை எடுத்தால் அது நிற்கும். வீட்டிலேயே போலீஸ் ஏற்கெனவே எடுத்துவிட்ட பாயை அவன் மறுபடி காட்டினால் அது கண்டெடுப்பு ஆகாது.

தமிழ்நாட்டு வழக்குகளில் அடிக்கடி வரும் இன்னொரு ஆள் வி.ஏ.ஓ. குற்றவாளி நேராக கிராம நிர்வாக அலுவலரிடம் போய் ஒப்புக்கொள்வார், அவர் எழுதி வாங்கி ஸ்டேஷனில் ஒப்படைப்பார். முன்பின் பழக்கமில்லாத வி.ஏ.ஓ.விடம் போய் ஏன் சொன்னான் என்பதுதான் குறுக்கு விசாரணையில் வரும் கேள்வி. மாஜிஸ்திரேட்டிடம் கொடுக்கும் வாக்குமூலம் பி.என்.எஸ்.எஸ். 183-ல் வரும், யோசிக்க அவகாசம் கொடுத்து, கட்டாயம் இல்லை என்று எச்சரித்துத்தான் பதிவார்கள்.

என் யோசனை, அவன் ஒப்புக்கொள்ளவே வேண்டாம். ஏட்டம்மா, சம்பவ இடத்தில் பார்த்ததைக் குறிக்கும் பார்வை மகஜரை எழுதும் ஸ்டேஷன் ரைட்டரிடம், "சுவரோரம் கோரைப்பாய் ஒன்று, அதையும் சேர்த்துக்கங்க" என்கிறார். அவன் அதைக் கேட்கிறான். அங்கே நிறுத்துங்கள்.

செங்காந்தள்:
இங்கே நான் முழு மனதோடு உடன்படுகிறேன். ஒப்புதல் வாக்குமூலத்தில் முடியும் கதைகளுக்கு இன்னொரு கேடும் உண்டு. துப்பு பலவீனமாக இருப்பதை எழுத்தாளர் கண்ணீரால் மூடிவிடுகிறார். குற்றவாளி வாயைத் திறக்காமலே வாசகருக்கு ஐயமின்றித் தெரிய வேண்டும் என்று வைத்துக்கொண்டு எழுதினால் துப்பு தானாகக் கூர்மைப்படும்.

உடற்கூறு:
பொதுவாக இரண்டு வேண்டுகோள். கைக்குட்டையில் மயக்கமருந்து வைத்து மூக்கில் பொத்தியதும் மூன்று வினாடியில் சரிவது நடக்காது. குளோரோஃபார்முக்குச் சில நிமிஷங்கள் பிடிக்கும், அதுவரை ஆள் திமிறுவார், வாயைச் சுற்றித் தோலில் புண்ணும் வரலாம். அந்தத் திமிறலும் புண்ணும்தான் உங்களுக்குத் துப்பு. அரளி விதை என்றால் வாந்தியும் இதயத் துடிப்பின் தாளம் தவறுவதும் மணிக்கணக்கில் வரும், சாப்பிட்ட தட்டிலேயே தலை சாயாது. விஷக் கதைகளில் பெயரும் அறிகுறியும் போதும். அளவு, வாங்குமிடம், கலக்கும் முறை எழுதாதீர்கள். கதைக்கு அவை எதையும் கூட்டுவதில்லை, பொறுப்பான ஆசிரியர் எப்படியும் வெட்டிவிடுவார்.

பிழைதிருத்தி:
தொகுப்பாசிரியர் மேசையிலிருந்து பார்த்தால் கதைகள் விழும் காரணங்கள் பெரும்பாலும் எளியவை. யூனிகோடில் தட்டச்சு செய்த வேர்டு கோப்பு அனுப்புங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் வந்தால் மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும், பி.டி.எஃப். என்றால் பக்கம் கட்டுபவர் மறுபடி உழைக்க வேண்டும். ஒரு பக்கக் கதை என்றால் 300 சொல் சுற்றுவட்டம், அதில் பாத்திரம் மூன்றைத் தாண்டக் கூடாது. தொகுப்பில் 3,000 முதல் 5,000 வரை இடம் கிடைக்கும், ஆனால் வார இதழ் கதையைத் தண்ணீர் ஊற்றி நீட்டினால் முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். தலைப்பில் முடிவைச் சொல்லாதீர்கள். பாய் கதைக்குப் "பாய்" என்று தலைப்பு வைத்து வந்தால் நான் மாற்றச் சொல்வேன். ஒரே கதையை ஒரே சமயத்தில் இரண்டு இதழுக்கு அனுப்புவதும் வேண்டாம். இரண்டிலும் வந்துவிட்டால் இரண்டு கதவும் மூடிக்கொள்ளும்.

உரிமை விஷயம் இன்னும் முக்கியம். தொகுப்புக்கு அனுப்பும் மின்னஞ்சலிலேயே "இந்தத் தொகுப்பின் அச்சு, மின்னூல் வடிவங்களுக்கு மட்டும்" என்று எழுதிவிடுங்கள். ஒலிநூல், குறும்படம், மொழிபெயர்ப்பு உரிமைகள் உங்களிடமே இருக்கட்டும். காப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 19-ன்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருஷம், நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கிய உரிமையை ஒரு வருஷத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாதவரை, அது திரும்பிவிடும். போட்டி அறிவிப்பின் விதிகளில் "அனுப்பும் எல்லாப் படைப்புகளும் எங்களுக்கே சொந்தம்" என்று ஒரு வரி இருக்கும். பரிசு பெறாத கதைக்கும் சேர்த்து அதைக் கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

ஆங்கிலத்துக்கும் வழி இருக்கிறது. 2008-லேயே சென்னை பிளாஃப்ட் பதிப்பகம் தமிழ் வெகுஜனக் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்தது. 1941-ல் தொடங்கிய அமெரிக்க இதழான எல்லரி குயின்ஸ் மிஸ்டரி மேகசினில் பிற மொழிக் குற்றக்கதைகளின் மொழிபெயர்ப்புக்கென்றே ஒரு பகுதி உண்டு. மொழிபெயர்ப்பு உரிமையை ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டவருக்கு அந்தக் கதவு திறக்காது.

முதல்வரைவு:
கடைசியாக ஒன்று. கருவின் ஒரு பகுதி செய்தித்தாளில் வந்த உண்மை வழக்கு. பெயரை மட்டும் மாற்றினால் போதுமா?

பிழைதிருத்தி:
போதாது. பெயரை மாற்றிவிட்டு ஊர், தொழில், பிள்ளைகள் எண்ணிக்கை, தேதி எல்லாவற்றையும் அப்படியே வைத்தால் அந்த ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் யாரென்று தெரியும். வழக்கு நடந்துகொண்டிருந்தால் இன்னும் சிக்கல். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டுவது பி.என்.எஸ். 72-ன்படி குற்றம், குழந்தை என்றால் போக்சோ 23, குற்றம் சாட்டப்பட்டவரே சிறுவர் என்றால் இளைஞர் நீதிச் சட்டம் 74. கதை என்று போட்டாலும் அடையாளம் தெரிந்தால் அடையாளம்தான். வழக்கிலிருந்து ஒரு சூழ்ச்சியை மட்டும் எடுத்துக்கொண்டு, ஆட்களையும் ஊரையும் உறவையும் முழுக்கப் புதிதாகக் கட்டுங்கள். உங்களுக்கு அது ஏற்கெனவே பாதி நடந்துவிட்டது. கணவன், 9 வருஷம், கோரைப்பாய் எல்லாம் இந்த இழையிலேயே உருவானவை. ஊரையும் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து நகர்த்திவிடுங்கள்.

ரைட்டர்_அறை:
கோரைப்பாய்க்குப் பத்தமடை பக்கமோ கரூர் பக்கமோ போகலாம். ஆனால் அங்கே போனால் எல்லா வீட்டிலும் பாய் இருக்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். "அவள் கட்டிலில்தான் படுப்பாள்" என்பதை வேறு ஒருவரும் உறுதி செய்ய வேண்டிவரும். பக்கத்து வீட்டுப் பெண் ஒரு வரி சொன்னால் போதும், ஆனால் அது கணவன் சொல்வதற்கு முன்னால் வரட்டும்.